தருவைகுளத்து ஒர்க்ஸ்டேஷன்கள்

தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டிச் செல்லும் சாலையில் இருக்கும் தருவைகுளத்தைப் பற்றி வெளியூரார் பெரும்பாலும் அறிந்திருப்பது, ஆழ்கடலில் பல நாள் தங்கிப் பருவலை விடுகிற மீனவர்களின் ஊர் என்பதே; ஆனால் தூத்துக்குடியில் கணினி பழுதுபார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட என் போன்றவனுக்கு அது, பெரிய நகரங்களின் கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த ஒர்க்ஸ்டேஷன் என்னும் கனத்த யந்திரங்கள் தங்கள் இரண்டாம் ஆயுளை நடத்துகிற ஊர்களுள் ஒன்று.

அந்த யந்திரங்கள் இங்கே வந்து சேரும் மார்க்கம் சற்றே விசித்திரமானது. மென்பொருள் கம்பெனிகளும் பொறியியல் வரைபட நிறுவனங்களும் சில வருஷக் குத்தகைக்கு எடுத்துப் பின் கைவிட்ட பெட்டிகள், மொத்த வியாபாரிகளின் கையில் விழுந்து, பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பிரிந்து, லாரிப் பார்சலாகத் தெற்கே இறங்குகின்றன. 2009-இல் வெளிவந்த டெல் பிரிசிஷன் டி3500, அதே காலத்து எச்.பி. இசட்400, 2012-இல் வந்த இசட்420 ஆகியவைதாம் என் மேஜைக்கு அதிகமாக வந்தவை. புதிதாய் வந்தபோது சாமானியர் விலை கேட்கவே அஞ்சிய பொருள்கள் இவை. தடித்த தகடு, நேர்மையாக வாட் எழுதப்பட்ட எஸ்.எம்.பி.எஸ்., பிழை திருத்தும் ராம், ஒழுங்காகக் காற்று ஓடும் அமைப்பு ஆகிய குணங்கள் ஒரு நடுத்தரப் புதுப் பெட்டியில் இன்றும் ஒருங்கே கிடைப்பதில்லை என்பதால், இவற்றை வாங்குகிறவர்களை நான் ஒருபோதும் பரிகசித்ததில்லை.

வாங்குகிறவர்கள் யார் என்றால், முன்பெல்லாம் கல்யாண வீடியோ தொகுப்பவர், பிளெக்ஸ் போர்டு வடிவமைப்பவர், கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மன் ஆகிய மூன்று வகையினர். 'உங்கள் மீனவன் மூக்கையூர்', 'தூத்துக்குடி மீனவன்' ஆகிய யூடியூப் சானல்கள் லட்சக்கணக்கானவர்களுக்குக் கடல் தொழிலைக் கண்முன் காட்டிய பிறகு, படகிலே செல்போனோடு ஏறி, கரைக்கு வந்தபின் அந்தப் படங்களை வெட்டி ஒட்டிக் கோக்கும் இளைஞர்கள் நான்காவது வகையாகச் சேர்ந்திருக்கிறார்கள். நான் இங்கே சொல்லப் போவது பெரும்பாலும் இந்த நான்காம் வகையினருக்கு நேர்ந்த சங்கடமும் அதற்கு நான் கண்ட பரிகாரமும் பற்றியே.

அதற்கு முன் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். எங்கள் கரையில் காற்றும் கணினியின் ஓர் உறுப்பு. வைகாசியில் தொடங்கும் கச்சான் மேற்கேயிருந்து கரிசல் புழுதியையும் உப்பளத் தூசியையும் வாரிக்கொண்டு வருகிறது; ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடை கடலின் நுண்திவலையையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. முன்னது உள்ளே கொண்டுவந்து சேர்த்த உப்பைப் பின்னது வந்து நனைக்கிறது. சோற்றுப்பு தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்வரை வெறும் தூசியாக ஒன்றும் செய்யாமல் கிடக்கும். தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய ஈரப்படலமாகி, செம்பையும் வெள்ளீயத்தையும் அரிக்கத் தொடங்கும். ராமின் விளிம்பிலும் கிராபிக்ஸ் கார்டின் விளிம்பிலும் பொன்னிறமாகத் தெரியும் பற்கள், செம்பின்மேல் நிக்கலும் நிக்கலின்மேல் கண்ணுக்கே எட்டாத மெல்லிய தங்கமும் பூசப்பட்டவை. அந்தத் தங்கத்தில் ஊசிமுனைத் துவாரம் ஒன்று இருந்தாலும் அதன் வழியே உப்பீரம் இறங்கி, சில மாதங்களில் பச்சைக் களிம்பாக வெளியே பூத்துவிடுகிறது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மின்சாரச் செலவை எண்ணித் தினம் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பிறகு அணைத்துவைக்கிற வீட்டுக் கணினிகள், நாள் முழுவதும் ஓடுகிற கடைக் கணினிகளைவிட விரைவில் களிம்பு ஏறுகின்றன. காரணம் நேரானது: அறையில் 28 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, ஓடுகிற பெட்டிக்குள் வெப்பம் 38 பாகைக்கு உயர்ந்தால், அதே காற்றின் ஈரப்பதம் உள்ளே 50 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது; உப்பு உலர்ந்த தூசியாகவே கிடக்கிறது. அணைத்துக் குளிர்ந்த பெட்டியில் இரவு முழுவதும் அது நனைகிறது. ஆகையால் வாடைக்காலத்தில் வாரக்கணக்கில் பெட்டியைத் தொடாமல் வைத்திருப்பவர்களிடம், நாள்தோறும் சற்று நேரமாவது ஓட்டச் சொல்வது என் வழக்கம்.

மேம்பாடு என்று வருகிற எந்தப் பெட்டியையும் நான் முதலில் வெளியே திண்ணையில் வைத்துப் புளோயரால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, ராமையும் கார்டையும் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பற்களைத் துடைத்து, ஸ்லாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலரவிட்ட பிறகே மின்சாரம் கொடுப்பேன். பள்ளிக்கூடத்து ரப்பரால் பற்களைத் தேய்ப்பது நம் நாட்டு மெக்கானிக்குகளின் சர்வசாதாரணமான வைத்தியம். அவசரத்திற்கு அது பலிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த மெல்லிய தங்கம் குறைகிறது. தங்கம் போன இடத்தில் அடுத்த வாடைக்குக் களிம்பு இரட்டிப்பாகிறது. 'கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்' என்று வந்தவர்களுள் சிலர், இந்தத் துடைப்போடு பழைய கார்டையே எடுத்துக்கொண்டு திரும்பியதுண்டு. வியாபாரத்திற்கு அது நஷ்டந்தான்.

இனி அந்த நான்காம் வகை இளைஞர்களுள் ஒருவருடைய விஷயத்துக்கு வருகிறேன். தகப்பனாரோடும் பெரியப்பாவோடும் வந்த அவர் கொண்டுவந்தது ஒரு டி3500. நான்கு உட்கரு கொண்ட ஜியான் சில்லு, 12 ஜி.பி. ராம், பழைய 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், குவாட்ரோ வகையில் 1 ஜி.பி. நினைவுள்ள ஒரு வயதான கார்டு.

"அண்ணே, பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போடணும். வீடியோவ ஓட்டுனா திக்கித் திக்கி நிக்குது. ரெண்டு ஃபேன் வச்ச கார்டு போட்டா சரியாப் போயிரும்னு சொல்லுதாங்க" என்றார்.

அவருடைய பெரியப்பா, கடலில் முடி நரைத்தவர், நான் வாய் திறக்குமுன் குறுக்கிட்டார்: "வள்ளத்துல லேலண்டு எஞ்சினத் தூக்கி வச்சா ஓடுமாலே? முதல்ல மரம் தாங்குமான்னு பாரு."

நான் சொல்லவேண்டியதை அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். யந்திரத்தை ஓட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அவரையே வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னேன். வீடியோவைத் திறந்ததும் ஹார்டு டிஸ்கின் கோடு நூற்றுக்கு நூறாய் ஏறி அங்கேயே நின்றது. அது ஓய்ந்து படம் ஓடத் தொடங்கியதும் சில்லின் கோடு உச்சிக்கு ஏறியது. கிராபிக்ஸ் கார்டோ ஏறக்குறைய ஓய்வாகவே இருந்தது. கார்டு வேலை செய்யாமல் இருக்கும்போது அதைப் பெரிதாக்கி என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பிரயோஜனம் உண்டு, ஆனால் அது அவர் நினைத்த விதமான கார்டில் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். முதற்காரியம் டிஸ்க்.

நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் ஹார்டு டிஸ்கில், தேடுகிற இடம் ஊசியின் கீழே வந்து சேரச் சராசரி அரைச் சுற்று, அதாவது நாலு மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம் ஆகிறது. ஊசி தடம் மாறி நிற்பதற்கு மேலும் எட்டு ஒன்பது மில்லிசெகண்டு. ஆக, சிதறிக் கிடக்கும் சிறுசிறு துண்டுகளை எடுக்க வேண்டுமானால் அது செகண்டுக்கு எண்பது தடவைக்குமேல் கை நீட்ட முடியாது. விண்டோஸ் எழும்போதும், எடிட்டிங் மென்பொருள் திறக்கும்போதும், ஒரு பக்கம் வைரஸ் சோதனையும் மறுபக்கம் அப்டேட்டும் ஓடும்போதும் கேட்கப்படுவது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளே. எஸ்.எஸ்.டி.யில் சுழலுவதும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு துண்டு எடுக்கச் சராசரி ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

இங்கே படித்த இளைஞர்கள் ஒரு நியாயமான சந்தேகம் எழுப்புவார்கள். டி3500-இன் சாட்டா வழி இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. செகண்டுக்கு 300 மெகாபைட்டுக்குமேல் அதில் செல்லாது. இன்றைய சாட்டா எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் கொடுக்க வல்லது. பாதி வேகம் வீண்தானே என்பார்கள். வீண்தான், ஆனால் அவர்கள் வேதனைப்படுவது நேர்கோட்டில் ஓடும் வேகத்துக்காக அன்று, துண்டு துண்டாய் எடுக்கும் தாமதத்துக்காக, அந்தத் தாமதம் பழைய வழியிலும் புதிய வழியிலும் ஏறக்குறைய சமமாகவே குறைகிறது. இசட்420-இல் ஆறு சாட்டா துவாரங்களுள் இரண்டு மட்டுமே மூன்றாம் தலைமுறையானவை என்பதால், அதில் எஸ்.எஸ்.டி.யை அந்த இரண்டில் ஒன்றிலும், ஹார்டு டிஸ்கை மற்றவற்றிலும் செருக வேண்டும். இதைப் பாராமல் கைக்கு எட்டிய துவாரத்தில் செருகி அனுப்பிவிடும் அவசரத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. பயாஸில் டிஸ்க் பழைய ஐ.டி.இ. முறையில் இருந்தால் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுவது சிலாக்கியம். ஆனால் விண்டோஸுக்குச் சொல்லாமல் மாற்றினால் அடுத்த தடவை அது நீலத்திரை காட்டி நின்றுவிடும். சேஃப் மோடில் எழும்படி முதலில் அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பினால் அந்தச் சிக்கல் தீரும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் பிரித்த டிஸ்கை அப்படியே பிரதி எடுத்தால் அதன் பாகம் 63-ஆம் செக்டரில் தொடங்கும், எஸ்.எஸ்.டி.யின் 4 கிலோபைட் கட்டங்களோடு அது பொருந்தாமல் எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டங்களில் விழும். ஆகையால் பழமை மிகுந்த பெட்டிகளில் பிரதி எடுப்பதைவிடப் புதிதாக நிறுவுவதே மேல்.

எந்த எஸ்.எஸ்.டி. என்பதில் விலை மட்டும் பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம். ஒரு கண்ணறையில் மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வகையும், நான்கு பிட் வைக்கும் கியூ.எல்.சி. வகையும் பெட்டிமேல் ஒரே மாதிரி வேகத்தைத்தான் அச்சடித்திருக்கும். கியூ.எல்.சி.யில் பெரிய வீடியோ ஒன்றைத் தொடர்ந்து எழுதினால், முதற்சில நிமிஷம் மின்னலாக ஓடி, தற்காலிகமாக எழுதும் பகுதி நிரம்பியதும் ஹார்டு டிஸ்கைவிடவும் தாழ்ந்து போகிறது. வீடியோ வேலைக்கு அது ஆகாது. பில் போடும் கடைக்கு ஆகும். எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்ற பயம் மட்டும் அநாவசியமானது. 500 ஜி.பி. உள்ள நல்ல டி.எல்.சி. டிஸ்குக்கு உற்பத்தியாளர் உத்தரவாதம் தரும் எழுத்தளவு 300 டெராபைட் என்றால், தினம் 50 ஜி.பி. எழுதினாலும் அது தீரப் பதினாறு வருஷம் ஆகும்.

என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யைப் பற்றியும் கேட்பார்கள். 2011-இல் தான் அதன் இலக்கணமே எழுதப்பட்டது. 2009-இன் பயாஸ் அதிலிருந்து விண்டோஸை எழுப்ப அறியாது. ஆனால் சிறிய அடாப்டர் கார்டில் பொருத்திப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகி, விண்டோஸ் எழுந்த பிறகு இரண்டாவது டிஸ்காக உபயோகிக்கத் தடையில்லை. ஸ்லாட் நான்கு வழியுள்ள இரண்டாம் தலைமுறையாயின் செகண்டுக்கு 2000 மெகாபைட் வரை அதில் இடமுண்டு. தொகுத்துக்கொண்டிருக்கும் வீடியோக்களை அதில் வைப்பது ஒரு நல்ல ஏற்பாடே. பென் டிரைவில் ஒரு பூட்லோடர் வைத்து அதிலிருந்தே விண்டோஸையும் எழுப்பும் யுக்தி இருக்கிறது. எனக்குத் தெரியும், ஆயினும் கிராமத்தில் ஒருவருக்கு அப்படிச் செய்துகொடுப்பதில்லை. அந்தப் பென் டிரைவைக் குழந்தை பிடுங்கிப் போட்டால் அவர் முழுநாள் வேலையை விட்டுப் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வரவேண்டும்.

ஐபோனில் எடுக்கும் 4கே படம், புதிய எச்.265 முறையில் சுருக்கியும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட் ஆகிறது. பல நாள் தங்கலுக்குப் போய்வரும் ஒருவர் ஒரு பயணத்தில் எவ்வளவு சேர்த்துவிடுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் எழும்புவதற்கும் தொகுப்பதற்கும் எஸ்.எஸ்.டி., சேமித்து வைப்பதற்குப் பெரிய ஹார்டு டிஸ்க் என்று இரண்டாகப் பிரிப்பதே என் வழக்கம். அதிலும் ஓர் எல்லை நினைவில் இருக்க வேண்டும்: பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த டிஸ்கில் 2.2 டெராபைட்டுக்கு மேலான இடம் யந்திரத்தின் கண்ணுக்கே தெரியாது. 4 டெராபைட் டிஸ்கை ஜி.பி.டி. முறையில் பிரித்துச் சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பெட்டிகளிலும் அது முழுமையாக வேலை செய்யும்.

ஹார்டு டிஸ்க் என்றதும் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. 2011-இல் தாய்லாந்தின் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கியபோது, எங்கோ நடந்த அந்த விபத்தினால் எங்கள் ஊர்க் கடைகளிலும் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறிற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி ஜில்லாவே தத்தளித்தபோது, டிஸ்குகளே எங்கள் மேஜைக்கு நனைந்து வந்தன. அப்போது கண்டது ஒன்று: நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைத்து, 'நன்றாக உலர்ந்துவிட்டது' என்று மின்சாரம் கொடுத்தவர்களுடைய தகவல்கள்தாம் பெரும்பாலும் மீளவில்லை. ஹார்டு டிஸ்கில் மூச்சுவிடும் சிறு துவாரம் உண்டு. அதன் வழியே புகுந்த சேற்று நீர் தட்டில் காய்ந்து படிந்தபின் ஊசி அதன்மேல் ஓடினால் தட்டு கீறிவிடும். மின்சாரமே கொடுக்காமல், காயவும் விடாமல், ஈரத்தோடு பாலிதீன் பையில் மூடித் தகவல் மீட்கும் கூடத்துக்கு அனுப்புவதே சரியான முறை. புகைப்படங்களை ஒரே டிஸ்கில் வைத்திருந்த குடும்பங்களின் துக்கத்தைப் பார்த்த பிறகு, யாருக்கு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தாலும், வெளியே எடுத்த பழைய டிஸ்கைத் துடைத்து விற்காமல் பிரதியாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே வற்புறுத்துகிறேன்.

இனிக் கிராபிக்ஸ். அந்த இளைஞரின் வீடியோ ஓடும்போது கார்டு ஓய்வாக இருந்ததேன்? செல்போன் எடுத்த படம் எச்.265 முறையில் சுருக்கப்பட்டது. அந்த முறையை விரிக்கும் தனிச் சுற்று அவருடைய பழைய கார்டில் இல்லவே இல்லை. எனவே விரிக்கும் பாரம் முழுவதும் 2009-ஆம் வருஷத்துச் சில்லின் தலையில் விழுந்தது. கார்டுகளை முப்பரிமாண விளையாட்டுக்கான பலத்தால் அளந்து பழகிய வியாபாரிகள் இதைக் கவனிப்பதில்லை. என்விடியாவில் 2014-இன் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. பலமுள்ளதாயினும் எச்.265-ஐ முழுமையாக விரிக்கும் சுற்று அதில் கிடையாது. 2015-இல் வந்த 950, 960-இல் அது வந்தது. 2016-இன் பாஸ்கல் தலைமுறையில் அது ஊர்ஜிதமாயிற்று. ஆகவே இந்த வேலைக்குக் கார்டின் பிறந்த வருஷமே அதன் பலத்தைவிட முக்கியம். எடிட்டிங் மென்பொருளும் அந்தச் சுற்றை உபயோகிக்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தனி.

அடுத்தது மின்சாரம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகக் கொடுப்பது 75 வாட். அதற்குமேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வரவேண்டும். ஆறு ஊசி வயர் 75 வாட், எட்டு ஊசி வயர் 150 வாட். டி3500-இன் 525 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமானதே, இசட்420-இல் 400 வாட் கொண்டதும் 600 வாட் கொண்டதுமாக இரண்டு வகை உண்டு. தாங்கும் என்றாலும், தனி வயர் வேண்டாத கார்டையே இந்தக் கரையில் நான் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் காற்றுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தக் காற்று உப்போடு உள்ளே வருகிறது. 200 வாட் கார்டுக்குச் சுழல்கிற இரண்டு ஃபேன்கள், பெட்டிக்குள் இழுத்துச் சேர்க்கிற உப்பின் அளவை ஒரு வருஷம் கழித்துத் திறந்து பார்ப்பவர்களுக்கே அதன் உண்மை புரியும்.

அந்த இளைஞருக்கு அப்போது நான் எடுத்துக் கொடுத்தது குவாட்ரோ பி1000: 47 வாட், 4 ஜி.பி., ஒற்றைச் சிறு ஃபேன், எச்.265-ஐ விரிக்கவும் சுருக்கவும் சுற்றுகள். அதன் பின்புறம் இருப்பவை நான்கும் மினி டிஸ்பிளே போர்ட்டாகையால், எச்.டி.எம்.ஐ. மானிட்டர் வைத்திருப்பவர் மாற்றி ஒன்றும் வாங்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் இதுவும் சேர்ந்தபின் பட ஓட்டத்தில் திக்கல் நின்றது. இரண்டு ஃபேன் கார்டு வேண்டுமென்று வந்தவர் சிறிது ஏமாற்றத்தோடுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியப்பா மட்டும் மிச்சமான பணத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று புதுக் கார்டு வாங்குவதிலும் வலைகள் உள்ளன. ஜி.டி. 1030-இல் விரிக்கும் சுற்று உண்டு, சுருக்கும் சுற்று இல்லை. பார்ப்பவருக்கு ஆகும், தொகுப்பவருக்கு அரைகுறை. 2022-இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யில் சுருக்கும் சுற்று இல்லாததோடு, அது நான்கே வழிகளில் பேசுகிற கார்டு. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அது போதுமானது, நம் பழைய இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டிலோ அதன் வழி கால்வாசியாகக் குறுகிவிடும். இன்டெல் ஆர்க் ஏ380 வீடியோ வேலையில் மகா கெட்டிக்காரக் கார்டு. ஆனால் ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அது தன் முழுப் பலத்தைக் காட்டாது, அந்த வசதியை இந்தப் பெட்டிகள் கனவிலும் கண்டதில்லை. 1050 டி.ஐ. என்று ஸ்டிக்கர் ஒட்டி, பயாஸையும் அப்படியே பொய் சொல்லும்படி எழுதி, உள்ளே 550 டி.ஐ. போன்ற பழங்கார்டை வைத்து விற்பதும் உலக முழுவதும் நடந்த மோசடி, ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் 2021-இல் கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டபோது ஏறிய விலையையும், அவர்கள் பிறகு கைவிட்ட கார்டுகள் இரண்டாம் கைச் சந்தையில் கொட்டியதையும் நினைவு வைத்திருப்பவர்கள், எந்தக் கார்டையும் தம் பெட்டியிலேயே போட்டு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார்கள். பழைய பயாஸ் சில புதிய கார்டுகளைக் கண்டு திரையே காட்டாமல் நிற்பதுண்டாகையால், திருப்பி எடுத்துக்கொள்ளும் உடன்பாடு இல்லாத இடத்தில் வாங்கவும் கூடாது.

வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபரிமாண ஆட்டோகேட் வேலை பெரும்பாலும் சில்லின் ஒரே உட்கருவின் வேகத்தில் நடப்பது. அதற்கு விலையுயர்ந்த கார்டு வேண்டுவதில்லை. குவாட்ரோவின் விசேஷம் அந்த மென்பொருள்களோடு பரீட்சித்துச் சான்று பெற்ற டிரைவரில் இருக்கிறதே தவிர, அதன் பலத்தில் அன்று.

யு.பி.எஸ். விஷயமும் இதோடு சேர்ந்ததே. 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மலிவான யு.பி.எஸ்.ஸும் இன்வெர்ட்டரும் கொடுப்பது சதுர அலை, ஒர்க்ஸ்டேஷன்களின் எஸ்.எம்.பி.எஸ். ஆக்டிவ் பி.எஃப்.சி. வகையாதலால், கரண்ட் போன அந்த நொடியில் சதுர அலையை ஏற்காமல் பெட்டி சடக்கென்று அணைந்துவிடுவதுண்டு. எழுதிக்கொண்டிருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு அது நல்லதன்று. சைன் அலை தரும் யு.பி.எஸ். ஒன்றை, கார்டில் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கச் சொல்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். டி3500-இன் ஜியான் சில்லில் ஏ.வி.எக்ஸ். என்னும் கட்டளைத் தொகுதி இல்லை; அது 2011 முதல் வந்த சில்லுகளிலேயே உண்டு; புதிய எடிட்டிங் மென்பொருள்களுள் சில அது இல்லாத யந்திரத்தில் எழும்பவே மறுக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இந்தப் பெட்டிகள் முறைப்படி ஏற்காது. என்விடியாவும் மாக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசையே கடைசி டிரைவர் என்று அறிவித்துவிட்டது. ஆகவே இன்று கார்டு போடத் தகுந்த பெட்டியோடு ஒருவர் வந்தால் பி1000-க்குப் பதில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த, 40 வாட்டே தின்னும் டி600 கார்டை முதலில் பரீட்சித்துப் பார்ப்பேன். என் தீர்ப்பு இது: 2009-10 பெட்டிகளுக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றோடு செலவை நிறுத்துங்கள், ஏனெனில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி நாளை வேறு பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். இசட்420 போன்ற, 2012 முதல் வந்த பெட்டிகளுக்கு எஸ்.எஸ்.டி.யும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டும் போடலாம். அதற்குமேல் கேட்கும் வேலையானால் பெட்டியையே மாற்றுங்கள்.

வருகிறவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் மதர்போர்டின் ஸ்லாட்டுகளையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பினால், பாதிக் கேள்விகளுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் கிடைத்துவிடும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஜூன் 14 வரை கரையிலிருக்கும் எல்லாரும் ஒரே சமயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவசரமுள்ளவர்கள் பங்குனிக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.